அண்டைக் கடையின் அதிர்வு யார் கணக்கில்?

கழக்கூட்டத்தின் உயர்மட்டச் சாலை 2022ஆம் ஆண்டின் இறுதியில் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. டெக்னோபார்க்கின் மூன்றாம் கட்ட வளாகத்துக்கு அருகில் தொடங்கி, கழக்கூட்டம் சந்திப்பைத் தலைக்குமேல் கடந்து செல்லும் அதன் நீளம் 2.72 கிலோமீட்டர். திருவனந்தபுரத்திலிருந்து கொல்லம் நோக்கிச் செல்பவர்களும், குமரி மாவட்டத்திலிருந்து தேசிய நெடுஞ்சாலை 66 வழியாக வடக்கே போகிறவர்களும் இன்று அந்தச் சந்திப்பின் நெரிசலை அறியாமலே கடந்துவிடுகிறார்கள். சாலை தேவையாக இருந்தது, பயனும் தந்திருக்கிறது. இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

ஆனால் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. சாலையின் நீளம், செலவு, தூண்களின் எண்ணிக்கை ஆகிய யாவும் அரசு ஆவணங்களில் உள்ளன. அந்தச் சாலை உருவான ஆண்டுகளில் அதன் இருமருங்கிலும் நின்ற மருந்துக் கடையும், உணவகமும், வங்கிக் கிளையும், பல் மருத்துவமனையும் எவ்வளவு இரைச்சலைக் கேட்டன, எவ்வளவு அதிர்வைத் தாங்கின என்பதற்கு இத்தகைய ஆவணம் ஒன்று இருந்தாக வேண்டும் என்று சட்டம் எங்கும் கட்டாயப்படுத்தவில்லை.

இக்கேள்வி பழங்கதையன்று. 2025 நவம்பரில் கேரள அரசு ஒப்புதல் அளித்த திருவனந்தபுரம் மெட்ரோவின் முதற்கட்டப் பாதை, பாப்பனங்கோட்டில் தொடங்கி ஸ்ரீகாரியம், கழக்கூட்டம், டெக்னோபார்க் வழியாக ஈஞ்சக்கல்லில் முடிகிறது. நீளம் 31 கிலோமீட்டர்; நிலையங்கள் 27. அத்திட்டம் செயலுக்கு வருமானால், ஒரு கட்டுமானக் காலத்தைக் கடந்து மூச்சு விட்ட அதே வணிகத் தெருக்கள் இன்னொன்றை எதிர்கொள்ளும். ஆகவே அண்டை வணிகக் கட்டடத்துக்கு என்ன நேர்கிறது, அதை யார் அளக்க வேண்டும், இழப்பு நேர்ந்தால் யார் ஈடு செய்ய வேண்டும் என்னும் மூன்றையும் பேசுவதற்கு உரிய காலம் இதுவே.

சட்டம் கேட்கும் காது எது?

இந்தியாவில் இரைச்சலை நெறிப்படுத்தும் முதன்மை ஆவணம், 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள். அவை நிலப்பகுதிகளை நான்காகப் பிரிக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதியில் பகலில் 65, இரவில் 55. தொழிற்பகுதியில் 75, 70. அமைதி மண்டலத்தில் 50, 40. பகல் என்பது காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை.

2010ஆம் ஆண்டுத் திருத்தம் கட்டுமானத்தைக் குறித்து ஒரு விதியைச் சேர்த்தது. ஒலி எழுப்பும் கட்டுமானக் கருவிகளை இரவு நேரத்தில் குடியிருப்புப் பகுதிகளிலும் அமைதி மண்டலங்களிலும் இயக்கலாகாது என்பது அவ்விதி. வணிகப் பகுதி அதில் இல்லை. பகல் நேரமும் இல்லை. உறங்குகிறவரைக் காப்பதே விதியின் நோக்கம் என்பது இதிலிருந்து தெளிவாகிறது. நல்ல நோக்கம்தான், ஆயினும் விழித்திருந்து தொழில் செய்கிறவரை அது கணக்கில் கொள்ளவில்லை.

பகலில் வணிகப் பகுதிக்கு 65 டெசிபல் என்னும் வரம்பு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ மீறினால்தான் முறையீடு செய்யலாம் என்பதும் அதே விதிகளில் உள்ளது. அதாவது பகலில் 75 டெசிபலை எட்டினால்தான் கடைக்காரரின் குறைக்குச் சட்ட வடிவம் கிடைக்கும். டெசிபல் மடக்கை அளவு. 10 டெசிபல் ஏற்றம் என்பது ஒலி ஆற்றலில் பத்து மடங்கு. அந்த ஏற்றத்தைக் கடைக்காரர் எந்தக் கருவியால் அளந்து காட்டுவார்?

ஓர் எளிய கணக்கு நிலைமையை விளக்கும். பாறை உடைக்கும் பிரேக்கர் ஒன்று 10 மீட்டர் தொலைவில் 90 டெசிபல் எழுப்புவதாகக் கொள்வோம். திறந்தவெளியில், ஒரு புள்ளியிலிருந்து பரவும் ஒலி தொலைவு இரட்டிக்கும்தோறும் 6 டெசிபல் குறையும். 20 மீட்டரில் 84, 40 மீட்டரில் 78, 80 மீட்டரில் 72, 160 மீட்டரில் 66. வணிகப் பகுதியின் பகல் வரம்பான 65ஐத் தொட ஏறத்தாழ 180 மீட்டர் விலகிச் செல்ல வேண்டும். கழக்கூட்டம் போன்ற சந்திப்பில் கடையின் முகப்பு சாலையோரத்திலிருந்து சில மீட்டர் தொலைவில் இருக்கிறது. இருபுறக் கட்டடச் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி இக்கணக்கில் சேரவில்லை. ஆகவே வேலை நடக்கும் நாளில் மீறல் என்பது விதிவிலக்கன்று, நாள்தோறும் நிகழ்வது. நாள்தோறும் மீறப்படும் ஒரு வரம்பு யாரையும் காப்பதில்லை.

நிலத்தின் வழியே வருவது

இரைச்சலுக்கு இந்த அளவாவது விதி உண்டு. அதிர்வுக்கு நகரக் கட்டுமானத்தை முன்வைத்து இயற்றப்பட்ட தேசிய விதி இந்தியாவில் இல்லை. பொறியாளர்கள் பெரும்பாலும் சுரங்கத் துறையிடமிருந்து கடன் வாங்குகிறார்கள். சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம் 1997இல் வெளியிட்ட ஏழாம் எண் தொழில்நுட்பச் சுற்றறிக்கை, வெடி வைப்பதால் எழும் நில அதிர்வுக்கு வரம்பு விதித்தது. நிலத்தின் ஒரு துகள் அதிரும்போது எட்டும் உச்ச வேகமே அங்கே அளவுகோல். சுரங்க உரிமையாளருக்குச் சொந்தமல்லாத வீடுகளுக்கு, அதிர்வெண் 8 ஹெர்ட்சுக்குக் கீழே இருந்தால் வினாடிக்கு 5 மில்லிமீட்டர். 8 முதல் 25 வரை 10. அதற்கு மேல் 15. தொழிற் கட்டடங்களுக்கு முறையே 10, 20, 25. தொன்மையான நினைவுச் சின்னங்களுக்கு 2, 5, 10.

கேரளத்தில் கல்குவாரிகளை ஒட்டி வாழ்பவர்களுக்கு இந்த விவாதம் புதிதன்று. குவாரிக்கும் வீட்டுக்கும் இடையில் எத்தனை மீட்டர் இருக்க வேண்டும் என்பது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்ற வழக்கு. ஆனால் வெடி ஒரு கணத்தில் முடிவது. பைல் இறக்கும் எந்திரமும் வைப்ரேட்டர் ரோலரும் மணிக்கணக்கில், மாதக்கணக்கில் அதிர்வை எழுப்புபவை. ஒரு கணத்துக்கு வகுத்த வரம்பை மாதங்களுக்குப் பொருத்துவது சரியா என்பதே ஆய்வுக்குரிய கேள்வி. ஜெர்மனியின் தர ஆவணமான டின் 4150, குறுகிய கால அதிர்வையும் நீடித்த அதிர்வையும் பிரித்து நோக்குவது இக்காரணத்தால்தான்.

அந்த ஜெர்மானிய ஆவணத்தின் இன்னொரு பகுப்பும் இங்கே கவனத்துக்குரியது. குறைந்த அதிர்வெண்ணில் எழும் குறுகிய கால அதிர்வுக்கு, வீடுகளின் அடித்தளத்தில் வினாடிக்கு 5 மில்லிமீட்டரும் வணிக, தொழிற் கட்டடங்களுக்கு 20 மில்லிமீட்டரும் வழிகாட்டு அளவாகத் தரப்படுகின்றன. வணிகக் கட்டடம் வீட்டைவிட நான்கு மடங்கு தாங்கும் என்பது இதன் உட்கருத்து. உறுதியான தூண்களும் விட்டங்களும் கொண்ட கட்டடத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது அது.

தென்னகத்தின் கடைத்தெரு அப்படிப்பட்டதன்று. முன்பு வீடாக இருந்து, முன்னறை கடையாக மாறிய கட்டடங்கள் எத்தனையோ. வெட்டுக்கல் என்று மலையாளத்திலும் செம்புரைக்கல் என்று தமிழிலும் வழங்கும் கல்லால் எழுப்பிய சுவரின்மேல், பிற்காலத்தில் ஒரு மாடி ஏற்றியவையும் உண்டு. உரிமப் பதிவேட்டில் அவை வணிகக் கட்டடங்கள். உடலமைப்பில் பழைய வீடுகள். பதிவேட்டை மட்டும் பார்த்து 20 மில்லிமீட்டரை அனுமதிக்கிற பொறியாளர், வீட்டுக்குரிய வரம்பை நான்கு மடங்கு தாண்டிச் செல்கிறார். ஆகவே வரம்பு கட்டடத்தின் பயன்பாட்டைப் பின்பற்றாமல் அதன் கட்டமைப்பைப் பின்பற்ற வேண்டும். மண்ணையும் சேர்த்தே நோக்க வேண்டும். செம்புரை மண்ணில் ஒரு தன்மை. கடற்கரையை நெருங்கும் மேற்குப் பகுதியின் தளர்ந்த மணலில் வேறு தன்மை. தொடர் அதிர்வில் மணல் இறுகி அமிழும்போது, சுவரை நேரடியாக விரிசலிடச் செய்யாத மிதமான அதிர்வும் அடித்தளத்தைச் சாய்க்கக்கூடும்.

உணர்வதும் உடைவதும்

இங்கே நடுநிலையாளர் ஒருவர் எழுப்பக்கூடிய எதிர்வாதம் வலுவானது. மனித உடல் அதிர்வை மிக நுட்பமாக உணரும் கருவி. பிரிட்டனின் கட்டுமான இரைச்சல், அதிர்வு நடைமுறை ஆவணமான பி.எஸ். 5228, வினாடிக்கு 0.3 மில்லிமீட்டர் அதிர்வையே வீட்டிலிருப்பவர் உணரத் தொடங்குவார் என்கிறது. கட்டடச் சேதத்துக்கான வரம்புகள் அதைவிடப் பல மடங்கு உயரத்தில் உள்ளன. கண்ணாடி அலமாரி கிலுகிலுப்பதைக் கேட்டவுடன் கட்டடம் இடியப்போகிறது என்று அஞ்சுபவரின் அச்சம் பெரும்பாலும் பொறியியல் அடிப்படை அற்றது. சுவரில் உள்ள விரிசல்களில் பெரும்பகுதி வெயிலாலும், சுண்ணப்பூச்சு உலர்ந்து சுருங்குவதாலும், அடித்தளம் இயல்பாக அமிழ்வதாலும் வந்தவை. வேலை தொடங்கிய பிறகுதான் உரிமையாளர் சுவரை உற்றுப் பார்க்கிறார். பழைய விரிசல் புதிதாகத் தெரிகிறது.

இவ்வாதம் முழுக்க உண்மை. ஆனால் இதிலிருந்து பெறப்படும் முடிவுதான் வேறு. விரிசல் பழையதா புதியதா என்று பிரித்தறிய ஒரே வழி, வேலைக்கு முன்பே சுவரைப் படம் எடுத்து வைப்பது. அப்படம் இல்லாதபோது பொய்யான கோரிக்கையை ஒப்பந்ததாரரால் மறுக்க முடியாது. உண்மையான கோரிக்கையைக் கடைக்காரரால் நிறுவ முடியாது. இருவரும் இருட்டில் நிற்கிறார்கள். இருட்டு எப்போதும் வலியவருக்கே துணை செய்கிறது. ஏனெனில் நிறுவும் பொறுப்பு முறையிடுபவர்மீதே விழுகிறது.

அதே பிரிட்டிஷ் ஆவணம் இன்னொன்றும் சொல்கிறது. வினாடிக்கு 1 மில்லிமீட்டர் அதிர்வு குடியிருப்பில் முறையீட்டை எழுப்பக்கூடும். எனினும் முன்னறிவிப்பும் விளக்கமும் தரப்பட்டால் மக்கள் அதைப் பொறுத்துக்கொள்வர். ஒரு தொழில்நுட்ப ஆவணம் மில்லிமீட்டர்களுக்கு நடுவே மனித இயல்பை ஒப்புக்கொள்ளும் இடம் இது. அதிர்வின் அளவு மாறவில்லை; அதை ஏற்பவரின் அறிவு மாறியிருக்கிறது, அவ்வளவே. அறிவிப்புப் பலகைக்கும் ஒரு துண்டுத் தாளுக்கும் ஆகும் செலவு, எந்திரத்தை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை.

கட்டடம் உடையாமலே தொழில் உடைவதும் உண்டு என்பதையும் சேர்த்துக் கூற வேண்டும். அறுவை அரங்கம் போன்ற இடங்களுக்கு அதிர்வு வினாடிக்கு 0.1 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட வடிவமைப்பு அளவு. பல் மருத்துவர் துளையிடும் கருவியைப் பிடித்திருக்கும்போது, ஆய்வகத்தில் நுண்ணோக்கியின்கீழ் ஒருவர் அணுக்களை எண்ணும்போது, சுவர் விரிசலுக்குக் காரணமாகாத அதிர்வே வேலையை நிறுத்திவிடப் போதும். இரைச்சலும் அப்படியே. எதிரில் இருப்பவரின் நோய்க்குறியைக் கேட்டறிய வேண்டிய மருந்தாளுநர், தொலைபேசியில் வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசும் சிறு மென்பொருள் நிறுவனம், மாலை வகுப்பு நடத்தும் பயிற்சி மையம் ஆகியவற்றுக்குக் காதே மூலதனம்.

மரடு கற்பித்தது

இவையெல்லாம் மேலைநாட்டு ஆடம்பரம், நம்மூரில் நடவாது என்போருக்குக் கேரளமே விடை தந்திருக்கிறது. கடலோர ஒழுங்குமுறையை மீறிக் கட்டப்பட்டமைக்காக, உச்ச நீதிமன்றத்தின் 2019ஆம் ஆண்டு ஆணைப்படி, கொச்சிக்கு அருகிலுள்ள மரடுவின் அடுக்குமாடிக் குடியிருப்புகள் 2020 ஜனவரி 11, 12 ஆகிய நாள்களில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. எச்.டூ.ஓ. ஹோலி ஃபெய்த், ஆல்ஃபா செரீன், ஜெயின் கோரல் கோவ், கோல்டன் காயலோரம் என நான்கு தொகுதிகள்.

சுற்றிலும் வாழ்ந்தவர்கள் அஞ்சினர், போராடினர். அதன் விளைவாக அண்டை வீடுகளின் நிலை முன்கூட்டியே ஆராயப்பட்டது. மூன்றாம் தரப்பினர் இழப்புக்குக் காப்பீடு ஏற்பாடு செய்யப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யின் குழு அதிர்வுமானிகளை நிறுவி அளந்தது. எந்த நேரத்தில் எந்தத் தெரு மூடப்படும், யார் எங்கே செல்ல வேண்டும் என்பது முன்பே சொல்லப்பட்டது.

ஒவ்வொரு கட்டடமும் தரையில் விழச் சில வினாடிகளே ஆயின. சில வினாடி அதிர்வுக்கு இத்தனை ஏற்பாடு செய்யத் தெரிந்த ஒரு சமூகத்துக்கு, ஆண்டுக்கணக்கில் நீளும் கட்டுமான அதிர்வுக்கு அதே ஏற்பாட்டைச் செய்யத் தெரியாது என்று கூற இயலாது. ஒன்று நேரலையில் ஒளிபரப்பான காட்சி. மற்றது யாரும் பார்க்காத அன்றாடம். வேறுபாடு அறிவில் இல்லை, கவனத்தில் இருக்கிறது.

நிலம் இழந்தவரும் நிலம் இழக்காதவரும்

இழப்பீட்டுச் சட்டத்திலும் இதே குருட்டுப்புள்ளி உண்டு. 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், நிலம் எடுக்கப்பட்டவருக்கான தொகையை நிர்ணயிக்கும்போது, அந்நில எடுப்பால் அவருடைய பிற சொத்துக்கோ வருவாய்க்கோ நேரும் கேட்டையும் கருத வேண்டும் என்கிறது. நியாயமான விதி. ஆனால் அது நிலம் எடுக்கப்பட்டவருக்கே உரியது. முகப்பிலிருந்து இரண்டு சென்ட் இழந்தவரின் வருவாய் இழப்பு சட்டத்தின் கண்ணில் படும். ஒரு சென்ட்டும் இழக்காமல், அதே சாலையோரத்தில் ஆண்டுக்கணக்கில் வாடிக்கையாளரை இழந்தவரின் வருவாய் இழப்பு படாது.

வாடகைதாரரின் நிலை இன்னும் மெல்லியது. கட்டடத்தின் விரிசல் உரிமையாளரின் இழப்பு. தொழிலின் சரிவு வாடகைதாரரின் இழப்பு. முன்னது சுவரில் தெரியும். பின்னது கணக்குப் புத்தகத்தில் மட்டும் தெரியும். கடைத்தெருவில் பெரும்பாலோர் வாடகைதாரர்கள். ஆய்வு அறிக்கையும் அறிவிப்பும் உரிமையாளரின் முகவரிக்கே போகுமானால், உண்மையில் அந்த இடத்தில் நாள் முழுதும் நிற்பவருக்கு எதுவும் வந்து சேராது.

பொதுச் சட்டம் இங்கே முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. லண்டனில் 1930களில் செல்ஃப்ரிட்ஜ் நிறுவனம் தன் பேரங்காடியை விரிவுபடுத்தப் பழைய கட்டடங்களை இடித்தபோது, அருகில் விடுதி நடத்திய பெண்மணி ஒருவர் வழக்குத் தொடுத்தார். இரைச்சலாலும் தூசியாலும் விருந்தினர் வரத்துக் குறைந்தது என்பது அவர் குறை. கீழ் நீதிமன்றம் 4,500 பவுண்டு இழப்பீடு விதித்தது. 1937இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை 1,000 பவுண்டாகக் குறைத்தது. குறைத்ததற்கான காரணமே இன்றுவரை வழிகாட்டுகிறது. இடிப்பதும் கட்டுவதும் நகர வாழ்வின் இயல்பு. உரிய கவனத்தோடு செய்யப்படும்போது எழும் தற்காலிகத் தொல்லையை அண்டையர் பொறுக்க வேண்டும். ஆனால் அந்தத் தொல்லையை இயன்ற அளவு குறைக்கும் கடமை கட்டுபவருக்கு உண்டு. அக்கடமையில் தவறியதால் எழுந்த மிகைத் தொல்லைக்கு மட்டும் அவர் ஈடு தர வேண்டும்.

இந்தப் பகுப்பு அழகானது. ஆயினும் அதைச் செயற்படுத்தத் தரவு வேண்டும். எவ்வளவு தவிர்க்க இயலாதது, எவ்வளவு மிகை என்று பிரிக்க, அன்றன்று அளந்த எண்கள் வேண்டும். அளவீடு இல்லாத ஊரில் நீதிபதியும் ஊகத்தையே நம்ப வேண்டியிருக்கும். பொதுத் தொல்லையை நீக்கச் செயல்துறை நடுவரை அணுகும் வழி, பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவிலும் இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவிலும் இருக்கிறது. அதுவும் ஆதாரம் கையிலிருப்பவருக்கே விரைவாகப் பயன்படும்.

செய்யக்கூடியவை

முதலாவது, முன்நிலை ஆய்வு. முதல் துளை இறங்குவதற்கு முன், வேலைத்தளத்தை ஒட்டிய ஒவ்வொரு கட்டடத்தின் சுவர், தளம், தூண் ஆகியவற்றின் நிலையைப் படத்தோடு பதிவு செய்ய வேண்டும். இருக்கும் விரிசலின் நீளமும் அகலமும் குறிக்கப்பட வேண்டும். படி ஒன்று உரிமையாளருக்கு, ஒன்று வாடகைதாரருக்கு, ஒன்று உள்ளாட்சிக்கு. கட்டடம் எந்த வகைக் கட்டமைப்பு என்பதும் அதிலேயே முடிவு செய்யப்பட்டு, அதற்கேற்ற அதிர்வு வரம்பு எழுதப்பட வேண்டும்.

இரண்டாவது, வெளிப்படையான அளவீடு. மிக அருகிலுள்ள கட்டடத்தின் அடித்தளத்தில் அதிர்வுமானியும் முகப்பில் ஒலிமானியும் பொருத்தி, அன்றைய உச்ச அளவை வேலைத்தளத்தின் தடுப்பிலேயே எழுதி வைக்கலாம். வரம்பின் ஒரு குறிப்பிட்ட பங்கை எட்டியவுடன் எச்சரிக்கை, வரம்பை எட்டியவுடன் வேலை நிறுத்தம் என்பது ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும். நிறுத்தினால் என்ன செய்வது என்பதற்கும் வழிகள் உள்ளன: அடித்து இறக்கும் பைலுக்கு மாற்றாகத் துளையிட்டு வார்க்கும் பைல்; பிரேக்கருக்கு மாற்றாகப் பழைய கான்கிரீட்டைக் கவ்வி நொறுக்கும் கருவி அல்லது வைரத்துகள் பதித்த கம்பியால் அறுக்கும் முறை; கட்டடத்தை ஒட்டிய சில மீட்டரில் ரோலரின் அதிர்வை அணைத்துவிட்டு எடையால் மட்டும் அழுத்துதல்; ஜெனரேட்டருக்கு மூடிய கூடு.

மூன்றாவது, தொழிலறிந்த கால அட்டவணை. வணிகப் பகுதி என்பது ஒரே காது அன்று. உணவகத்துக்கு நண்பகல், மருத்துவமனைக்கு மாலை, பயிற்சி மையத்துக்குக் காலை, டெக்னோபார்க்கை ஒட்டிய அலுவலகங்கள் சிலவற்றுக்கு இரவு என ஒவ்வொன்றுக்கும் அமைதி வேண்டும் நேரம் வேறு. அத்தனையையும் நிறைவு செய்ய இயலாது. ஆனால் மிக உரத்த வேலைக்கு ஒவ்வொரு நாளும் குறிப்பிட்ட மணிகளை ஒதுக்கி, வாரத்துக்கு முன்பே அறிவித்தால், கடைக்காரர் தம் வேலையைச் சுற்றி அடுக்கிக்கொள்வார். அத்தம் முதல் திருவோணம் வரையிலான பத்து நாள்கள் கேரளக் கடைத்தெருவின் ஆண்டு வருவாயில் பெரும்பங்கைத் தீர்மானிப்பவை. அந்நாள்களில் முகப்பை மறிக்கும் வேலையையும் பிரேக்கரையும் தவிர்ப்பது கடினமன்று. அட்டவணை எழுதுபவருக்கு நாட்காட்டி தெரிந்திருந்தால் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கடைகளின் பகலைக் காக்க உரத்த வேலையை இரவுக்குத் தள்ளினால், அது பின்தெருவின் வீடுகளில் போய் விழும். கடையின் மேல்மாடியிலேயே குடும்பம் வாழும் தெருக்களில் இது இன்னும் கூர்மையான முரண். ஆகவே நேரத்தை மாற்றுவது மருந்தின் ஒரு பகுதியே. மூலத்தில் குறைப்பதே முதல் கடமை.

நான்காவது, சிறு கோரிக்கை நிதி. திட்டச் செலவில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, ஒப்பந்ததாரரையும் ஆணையத்தையும் சாராத குழுவொன்று குறிப்பிட்ட நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். விரிசலுக்கு முன்நிலைப் படம் சான்று. வருவாய் இழப்புக்கு முந்தைய ஆண்டுகளின் ஜி.எஸ்.டி. கணக்கு சான்று, அவ்வரம்புக்குள் வராத சிறு கடைகளுக்கு எளிய நிலைத்தொகை. பொய்க் கோரிக்கை பெருகும் என்ற அச்சத்துக்கு விடையும் இதே ஏற்பாட்டில் இருக்கிறது: படமும் கணக்கும் இருக்குமிடத்தில் பொய் நீடிக்காது.

இவற்றோடு, விதிகளும் மாற வேண்டும். 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின் கட்டுமானக் கருவி விதி வணிகப் பகுதியையும் பகல் நேரத்தையும் உட்கொள்ள வேண்டும். கட்டுமான அதிர்வுக்கெனத் தேசிய வரம்பு ஒன்று வேண்டும். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கே முன்னனுமதியைக் கட்டாயமாக்குகிறது. கடைத்தெருவில் எழும் கட்டடங்களில் மிகப் பல அந்த வரம்புக்குக் கீழே நிற்பவை. அவற்றுக்கு உள்ளாட்சியின் கட்டட அனுமதியிலேயே முன்நிலை ஆய்வை ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம்.

பல்கலைக்கழகங்களின் பங்கு

இதற்கெல்லாம் பொருளும் ஆளும் எங்கே என்னும் கேள்விக்குத் திருவனந்தபுரத்தில் விடை தேடுவது எளிது. மெட்ரோ பாதை செல்லவிருக்கும் ஸ்ரீகாரியத்தில் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. கழக்கூட்டத்துக்கு அருகே காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. ஆக்குளத்தில் தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையம் இருக்கிறது. அதிர்வை அளக்கும் கருவியும், மண்ணை அறிந்தவர்களும், ஆய்வுத் தலைப்புத் தேடும் முதுநிலை மாணவர்களும் ஒரே நகரத்தில், சில கிலோமீட்டர் இடைவெளியில் உள்ளனர்.

கட்டடப் பொறியியல் மாணவர் சுவரை அளக்கலாம். புவியியற்பியல் மாணவர் செம்புரையிலும் மணலிலும் அதிர்வு எப்படித் தேய்கிறது என்று வரைபடம் எழுதலாம். வணிகவியல் மாணவர் கடைகளின் வருவாயை மூன்றாண்டுகளுக்குத் தொடர்ந்து பதிவு செய்யலாம். சட்ட மாணவர் வாடகைதாரரின் உரிமையை எழுதலாம். தமிழகத்துக்கும் இது அயலான செய்தி அன்று. சென்னையின் இரண்டாம் கட்ட மெட்ரோப் பணிகளை ஒட்டிய கடைத்தெருக்கள் அனைத்திலும் இதே ஆய்வு தேவைப்படுகிறது. நம் மண்ணுக்கும் நம் சுவருக்கும் உரிய எண்கள் இல்லாதவரை, ஜெர்மனியின் வீட்டுக்கும் பிரிட்டனின் அலுவலகத்துக்கும் வகுத்த எண்களைத்தான் கடன் வாங்கிக்கொண்டிருப்போம்.

இந்த ஆய்வுகளில் ஒன்றுக்கு மட்டும் காலக்கெடு உண்டு. அதிர்வைக் கட்டுமானத்தின்போது அளக்கலாம். வருவாயைப் பின்னரும் கணக்கிடலாம். விதியை எப்போதும் திருத்தலாம். வேலைக்கு முந்தைய சுவரின் படத்தை மட்டும் வேலை தொடங்கிய பின் எடுக்க முடியாது. கழக்கூட்டம் சந்திப்பின் கடைச் சுவர்களைப் பொறுத்தவரை, அந்தப் படத்தை எடுப்பதற்கான காலம் மெட்ரோவின் முதல் பைல் எந்திரம் வந்து நிற்கும் நாளோடு முடிந்துவிடும்.